முடிவு தெரியாமல் அப்பென்செல்லுக்கு

1985 ஏப்ரல் கடைசி வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி. ஒரு கையில் பெட்டி, இடுப்பில் ஒன்றரை வயது மகள் துளசி, தோளில் பால் போத்தல்களும் மாற்றுடுப்பும் அடைத்த பை. இந்தக் கோலத்தில்தான் லண்டனில் நான் வாக்களிக்கப் போனேன். விக்டோரியா நிலையத்தில் இரண்டரைக்குப் புகையிரதம். மாலையில் கப்பல், இரவில் பிரான்ஸ், மறுநாள் காலை சுவிற்சர்லாந்து. போய்வரும் சீட்டு எண்பத்தொன்பது பவுண், துளசிக்கு இலவசம். மூன்று வருடமாக நான் காணாத அக்கா, அங்கே வில் என்ற ஊரில் இருக்கிறாள்.

அன்று எங்கள் வட்டாரத்தில் நகரசபை இடைத்தேர்தல். உறுப்பினர் ஒருவர் விலகியதால் காலியான ஒரே ஓர் இடம். சபையில் இரு பக்கமும் சரிக்குச் சரியாக இருந்தபடியால் அந்த ஓர் இடம் யாருக்குப் போகிறதோ அவர்கள் வைத்ததுதான் சட்டம் என்று என் கணவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் ஒரு கட்சிக்காக மூன்று வாரம் வீடு வீடாகத் துண்டுப்பிரசுரம் கொடுத்தவர். எனக்கு அரசியல் அவ்வளவாக விளங்காது. விளங்கியது இவ்வளவுதான்: எங்கள் தெருக்கோடியில் இருக்கும் நகரசபைக் குழந்தைகள் காப்பகத்தை ஒரு பக்கம் மூடப்போகிறது, மற்றப் பக்கம், அவருடைய கட்சி, மூடவிடாது. செப்டெம்பரில் துளசிக்கு அங்கே இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதை நம்பித்தான் நான் மருந்தகப் பயிற்சிக்குக் கையெழுத்து வைத்திருந்தேன்.

இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கும் இங்கிலாந்தில் வாக்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பிரிட்டன் ஒருகாலம் ஆண்ட பொதுநலவாய நாட்டவர் என்ற உரிமை அது. தேவாலய மண்டபம் ஒன்றில் வாக்குச் சாவடி. சீட்டைத் தந்த அம்மாவிடம் நான் ஊர்ப் பழக்கத்தில் மை பூசுவதற்காக இடக்கைச் சின்னவிரலை நீட்டினேன். அவர் ஒரு கணம் பார்த்துவிட்டு அந்த விரலைப் பிடித்து அன்பாகக் குலுக்கிவிட்டார். வெட்கத்தோடு மறைப்புக்குள் போனேன். துளசி அழுதாள். நூலில் கட்டித் தொங்கிய பென்சிலை எடுத்து எழுதி, மடித்து, பெட்டியில் போட்டுவிட்டு நிலையத்துக்கு ஓடினேன்.

மாலை ஆறு மணி, டோவருக்கும் கலேக்கும் நடுவில். கப்பல் மெல்ல ஆடியது. துளசியின் றஸ்க் துண்டுகளைச் சுற்றியிருந்த கடதாசியை விரித்தேன். என் கணவர் விநியோகித்த துண்டுப்பிரசுரம். அதில் மாதிரி வாக்குச்சீட்டு ஒன்று அச்சிட்டிருந்தது. மூன்று பெயர்கள், மூன்று பெட்டிகள், ஒன்றில் மாத்திரம் X என்று பெரிய புள்ளடி. ‘ஒரே ஒரு புள்ளடி’ என்று கீழே கோடிட்டிருந்தது.

நான் புள்ளடி போடவில்லை. 1, 2, 3 என்று எழுதியிருந்தேன்.

அதற்கு முன் என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் வாக்களித்திருந்தேன், 1982இல் யாழ்ப்பாணத்தில், சனாதிபதித் தேர்தலில். அங்கே விருப்பு வரிசைப்படி இலக்கம் இடும் முறை. பென்சில் கைக்கு வந்ததும் கை பழைய பாடத்தை எழுதிவிட்டது. அது மட்டுமா, அழுகிற பிள்ளையோடு நின்றும் அவசரப்படாமல் யோசித்து எழுதினேன். முதலாவது காப்பகத்தைக் காப்பவர்களுக்கு. இரண்டாவது, கதவைத் தட்டி வந்து துளசியின் பெயரைக் கேட்டு அதை இரண்டு தரம் சொல்லிப் பழகிய, சுயேச்சையாக நின்ற கிழவருக்கு. மூன்றாவது மூடப்போகிறவருக்கு. என் கணவர் தெரு முழுவதற்கும் புள்ளடி போடக் கற்றுக்கொடுத்தார். எனக்குச் சொல்லவில்லை. “நீர் படிச்ச ஆள்தானே” என்றிருந்தார்.

ஒரு வாக்கால் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்துப் பார்த்தேன். ஒரு வாக்கால் தோற்றால்? அவ்வளவுதான், அன்றைய சாப்பாடு இறங்கவில்லை. வாக்கு எண்ணுவது அன்று இரவே. ஆனால் அக்கா வீட்டில் தொலைபேசி இல்லை. இவருக்கு வெள்ளியும் சனியும் இரவு வேலை. ஞாயிறு மாலை ஆறு மணிக்கு, அக்காவின் கீழ்வீட்டு அம்மாவின் தொலைபேசிக்கு எடுப்பதாகத்தான் ஏற்பாடு.

வெள்ளி காலை ஏழு மணி, பாசல். சுவிஸ் மண்ணில் என் முதல் வியப்பு மலையல்ல, மணிக்கூடு. மேடையில் தொங்கிய அதன் சிவப்பு முள் பன்னிரண்டைத் தொட்டு ஒரு கணம் நின்றது, நிமிட முள் நகர்ந்தது, வண்டியும் நகர்ந்தது. யாரும் ஓடவில்லை, யாரும் கத்தவில்லை. சூரிச்சுக்கு எண்பத்தெட்டுக் கிலோமீற்றர், அங்கே மாறி வில்லுக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்குள். சீட்டுப் பரிசோதகர் துளசியின் தொப்பியைக் குனிந்து எடுத்துத் தந்து, ஏதோ சொல்லித் தன் தொப்பியையும் கழற்றிக் காட்டினார். அதற்கும் அவள் அழுதாள். யன்னலுக்கு வெளியே ஆப்பிள் மரங்கள் பூத்திருந்தன. புற்களுக்குக்கூட யாரோ தலை வாரிவிட்டதுபோல இருந்தது.

வில் நிலையத்தில் அக்காவும் அத்தானும் நின்றார்கள். அக்கா என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, உடனே தள்ளி நிறுத்திப் பார்த்தாள்.

“என்னடி இது, முகம் காஞ்சு கிடக்கு? சாப்பிடேல்லையோ?”

“கப்பல் ஆடினது, அக்கா.”

“லண்டன் மகாராணிக்குக் கப்பல் ஒத்துவராது. அடுத்தமுறை குதிரை வண்டில் அனுப்புவம்” என்றார் அத்தான்.

அத்தான் ஓர் உணவகச் சமையலறையில் வேலை. அவர்களுடைய அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. இரண்டாம் மாடியில் ஒற்றை அறை. ஆனால் யன்னலைத் திறந்தால் பழைய நகரத்தின் கூரைகள், அவற்றுக்கு மேலே தெற்கில் வெள்ளையாக ஒரு மலைவரிசை. மேகம் என்றுதான் முதலில் நினைத்தேன். மேகம் நகராததைப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

சனிக்கிழமை கீழ்வீட்டு அம்மா எங்களைக் காப்பிக்குக் கூப்பிட்டார். பெயர் ஃபிராவ் கொலர், திருமதி என்பதற்கு அங்கே ஃபிராவ். ஐம்பத்தெட்டு வயது, கணவர் இல்லை. இளவயதில் இரண்டு வருடம் இங்கிலாந்தில் ஒரு வீட்டில் வேலை பார்த்ததால் ஆங்கிலம் பேசுவார். பிறந்ததும் வாழ்ந்ததும் அப்பென்செல் என்ற மலையூரில். ஆறு வருடத்துக்கு முன்தான் வில்லுக்கு வந்திருக்கிறார்.

எங்கள் இடைத்தேர்தலைப் பற்றி நான் மெல்லச் சொன்னதும் அவர் கதிரையை இழுத்து அருகே போட்டார். சுவிசிலும் இடையில் ஓர் இடம் காலியானால் இப்படி வாக்கு வருமாம். ஆனால் சீட்டில் பெயர் அச்சிட்டிருக்காதாம். வெற்றுத்தாள். விரும்பியவரின் பெயரை நாமே கையால் எழுத வேண்டும்.

“ஊர்க்காரியத்துக்கு நான் முதன்முதல் வாக்குப் போட்டது இங்கே வில்லில், ஐம்பத்திரண்டு வயதில்” என்றார். “நான் விரும்பிய மனிதனுடைய பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன். இரண்டு நாள் நித்திரை இல்லை.”

கோப்பையைக் கீழே வைத்தேன். “அந்தச் சீட்டை எண்ணினார்களா?”

“யாருக்குத் தெரியும்? அவன் இருநூறு வாக்கால் வென்றான். நான் நித்திரை கொண்டேன்.”

அதற்கு முன் ஏன் வாக்களிக்கவில்லை என்று அக்கா கேட்டாள். ஃபிராவ் கொலர் சிரித்தார். “நாளைக்கு என்னோடு வாருங்கள், காட்டுகிறேன்.”

ஞாயிறு காலை. அத்தானுக்கு வேலை. நாங்கள் மூன்று பெண்களும் துளசியும் புறப்பட்டோம். வில்லில் இருந்து கொசாவுக்குப் பெரிய வண்டி. அங்கிருந்து அப்பென்செல்லுக்கு இருபத்தாறு கிலோமீற்றர், ஒடுங்கிய தண்டவாளத்தில் சிவப்பு நிறக் குட்டி வண்டி. அது மாடுகளுக்கு மிக அருகாகப் போனது. மாடுகளின் கழுத்துமணிச் சத்தம் பெட்டிக்குள் வந்தது. ஊர்னேஷ் என்ற ஊர் தாண்டியதும் மலை திடீரென்று முழு உயரத்துக்கு எழுந்து முன்னால் நின்றது. துளசி அழுகையை நிறுத்தி, வாயைத் திறந்தபடி அதைப் பார்த்தாள். பயணத்தில் முதல் தடவையாக நான் இரண்டு நிமிடம் தேர்தலை மறந்தேன்.

அப்பென்செல்லில் வீட்டு முகப்புகளில் எல்லாம் ஓவியம். நிலையத்துக் கடையில் காப்பி இரண்டு பிராங் இருபது. தெருவில் ஆண்கள் கறுப்பு உடுப்பில், இடுப்பில் வாளோடு போனார்கள். நான் அக்காவின் கையைப் பிடித்தேன்.

“பயப்படாதே. அது அவர்களுடைய வாக்காளர் அட்டை” என்றார் ஃபிராவ் கொலர். “தகப்பனிடம் இருந்து மகனுக்கு வரும். இன்று எங்கள் மாநிலத்தின் வருடாந்த வாக்குக் கூட்டம். வாள் இருந்தால் உள்ளே போகலாம்.”

மதியம் பன்னிரண்டு மணிக்குத் தேவாலயத்தில் இருந்து மேளத்தோடு ஊர்வலம் வந்தது. சதுக்கத்தைச் சுற்றிக் கயிறு. கயிற்றுக்கு உள்ளே ஆயிரக்கணக்கான ஆண்கள், தோளோடு தோள். மேடையில் தலைவர் மூன்று விரலை உயர்த்தினார். எல்லோரும் மூன்று விரலை உயர்த்தி, சொல்லுக்குச் சொல் சத்தியம் செய்தார்கள். அந்தக் குரல் நிலத்தால் வந்து என் செருப்புக்குள் ஏறியது. பின் ஒவ்வொரு பதவியாகப் பெயர் சொல்லப்பட்டது. கைகள் எழுந்தன. எண்ணவில்லை. மேடையில் நின்றவர்கள் கண்ணால் அளந்தார்கள், அவ்வளவுதான். ஒன்றுக்கு மாத்திரம் இரண்டு பக்கமும் சமன்போலத் தெரிந்தது. மறுபடி கை தூக்கச் சொன்னார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை. பெட்டி இல்லை, தாள் இல்லை, காவல் இல்லை. ஒரு மாநில அரசாங்கம் வெறும் உள்ளங்கைகளால் எழுந்து நிற்பதை நான் பார்த்தேன்.

பெண்கள் எல்லோரும் கயிற்றுக்கு வெளியே, யன்னல்களில், எங்களோடு. நாட்டுத் தேர்தலில் அவர்களுக்கு வாக்கு இருக்கிறதாம். சொந்த ஊர்ச் சதுக்கத்தில் இல்லை.

“அதோ என் தம்பி” என்று கையைக் காட்டினார் ஃபிராவ் கொலர். “வாள் ஒழுங்காகத் தொங்கவில்லை. காலையில் நான் இருந்திருந்தால் கட்டிவிட்டிருப்பேன்.”

“கோபம் வராதோ உங்களுக்கு?” என்று அக்கா தமிழிலேயே கேட்டுவிட்டாள். நான் மொழிபெயர்த்தேன்.

“வரும். அதனால்தான் வருடாவருடம் வருகிறேன். அவர்களுக்கு என் முகம் தெரியவேண்டும்.” பிறகு என்னைப் பார்த்தார். “நீ அந்நியப் பெண். பிள்ளையோடும் பெட்டியோடும் போய் ஊர்ச்சபைக்கு வாக்குப் போட்டுவிட்டு வந்திருக்கிறாய். இங்கே யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள்.”

அந்த மனுசி நாற்பது வருடம் கயிற்றுக்கு வெளியே நின்று கேட்டது என் கைக்குச் சும்மா வந்தது. நான் அதைப் பழுதாக்கிவிட்டுப் புகையிரதம் ஏறியிருக்கிறேன். இதை இவரிடம் சொல்வதா, விடுவதா? சொல்லாமல் விட்டால் பொய்யா? திரும்பும் வண்டியில் முழுவதும் இதே கணக்கு.

மறுநாள் விடிய எனக்குத் திரும்பும் வண்டி. வந்தவுடன் பெட்டியைக் கட்டினேன். யன்னலில் அந்த வெள்ளை மலை இருந்தது. விட்டுப் போகும்போது ஓர் ஊரைப் பற்றி என்ன சொல்வது? சுவிசில் யார் கை எந்தப் பக்கம் எழுந்தது என்று ஊருக்கே தெரியும். லண்டனில் ஒருவருக்கும் தெரியாது. யாழ்ப்பாணத்தில், எங்கள் மாவட்டத்தில், ஒருமுறை வாக்குப்பெட்டிகளே காணாமல் போயின. இந்த மூன்றையும் ஒரே ஆயுளில் பார்த்தவர்கள் எங்களைப் போல எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

சரியாக ஆறு மணிக்குத் தொலைபேசி அடித்தது.

“வெண்டிட்டம்!” என்றார் இவர். “ஒரு வாக்கு! ஒரே ஒரு வாக்கு! காப்பகம் மூடேலாது. கேக்குதோ?”

கேட்டது. கதிரையில் இருந்துவிட்டேன்.

“மூண்டாம் ஆள், அந்தக் கிழவர், மற்றப் பக்கத்தாரின்ர வாக்கை நல்லாப் பிரிச்சுப்போட்டார். அதோட மழையும் இல்லை, மாடிவீட்டுச் சனமெல்லாம் இறங்கி வந்தது. ஆனா கடைசியில ஒரு சீட்டாலதான் பெரிய சண்டை. எந்த விசரோ பைத்தியமோ, புள்ளடி போடாமல் ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு நம்பர் எழுதி வைச்சிருக்கு!”

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“மற்றப் பக்கத்தார் செல்லாது எண்டு நிக்கினம். நாங்கள் செல்லும் எண்டு. அஞ்சு பேர் அந்தத் துண்டைச் சுத்தி அரை மணித்தியாலம். அதைத் தள்ளினால் சமன், பிறகு குலுக்கல்தான். எண்ணுற அதிகாரி கண்ணாடியை மாத்திப் போட்டுப் பாத்தார். ‘இவருக்கு முதல் ஆள் ஆர் எண்டு தெளிவாயிருக்கு, விருப்பம் விளங்கினால் வாக்குச் செல்லும்’ எண்டு எங்கட பக்கம் வைச்சார். அந்த விசர் ஆரெண்டு தெரிஞ்சால் நானே ஒரு தேத்தண்ணி போட்டுக் குடுப்பன்.”

“சீனி குறைவாப் போடுங்கோ” என்றேன்.

நிமிடத்துக்குக் காசு ஏறிக்கொண்டிருந்தது.

“என்ன சொன்னீர்?”

“துளசி அழுதவள். கைக்கு ஊர்ப்பழக்கம் வந்திட்டுது. கப்பலிலதான் தெரிஞ்சது. உங்களிட்ட சொல்லப் பயந்து...”

“நீரோ?”

“ஓம்.”

ஃபிராவ் கொலர் சமையலறை வாசலில் துடைத்த கோப்பையோடு நின்று என் முகத்தையே பார்த்தார். தோற்றுவிட்டோம் என்று நினைத்திருப்பார்.

“இஞ்சேரும்” என்றார் இவர் கடைசியில். குரல் வேறாக இருந்தது. “அந்த அதிகாரி சீட்டை வைக்கேக்குள்ள ஒண்டு சொன்னவர். எல்லாரும் சிரிச்சவை. நானும் சிரிச்சனான்.”

“என்ன சொன்னவர்?”

“‘இண்டைக்கு முழுக்க, மூண்டு பேரைப் பற்றியும் யோசிச்சு வாக்குப் போட்டது இந்த ஒரு ஆள்தான்’ எண்டவர்.”