மூடிமேல் சந்தனம்

அந்த மெக்கானிக்கின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. நான் ஓட்டிவந்த பட்டுக்கடை முதலாளியின் கார் வாலாஜாபாத் சாலையில் மூன்றாம் முறையாகத் திணறி நின்றது. கொஞ்சம் ஓய்ந்தால் ஓடும், மறுபடி திணறும். பக்கத்து ஷெட்டிலிருந்து வந்த, காதில் பீடி செருகிய அந்த மெக்கானிக் பானெட்டைத் திறக்கவேயில்லை. பெட்ரோல் டாங்கி மூடியருகே காதை வைத்து மெல்லத் திருகினார். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது.

“டாங்கிக்கு மூச்சு முட்டுதுபா. மூடியில காத்து போற ஓட்டைய சந்தனம் அடைச்சிக்கினு இருக்குது.”

அன்று காலையும் முதலாளி அப்பிய சந்தனம் அது. “கோயில் சந்தனம்டா, நீ தொடாத!” என்று அவர் பின்சீட்டிலிருந்து இறங்கிவந்து சீறினார்.

மெக்கானிக் அவரைப் பார்த்தபடியே அதைக் கட்டைவிரலால் வழித்துத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டார். “தொட்டுட்டேன். வேணும்னா மறுபடி பூசிக்கினு, காஞ்சிபுரம் வரைக்கும் தள்ளிக்கினு போங்க.”

முதலாளி காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். வீடுவரை கார் ஓரிடத்திலும் நிற்கவில்லை.