பாக்கியம் இரண்டு முறை கட்டிய குளியலறை

செவ்வாய்க்கிழமை காலை பதுளை பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது பாக்கியத்தின் மகள் செல்வியின் அழைப்பு வந்தது. "மிஸ்ஸி, அம்மா போயிட்டாங்க" என்றாள். வயிற்றில் கட்டியோடு மூன்று மாதம் கிடந்தவர். ஞாயிற்றுக்கிழமைதான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். வேலைக்குப் போக வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு அப்புத்தளை பஸ்ஸில் ஏறினேன்.

கருமாதியன்று வாசிப்பதற்குச் சில வார்த்தைகள் எழுதித் தரும்படி செல்வி கேட்டிருக்கிறாள். கொஸ்லந்தைக்கு மேலே உள்ள நம் தேயிலைத் தோட்டத்தில் பாக்கியத்தை அறியாதவர் இல்லை. ஆனால் அவரைப் பற்றி நீங்கள் அறிந்து வைத்திருப்பதில் ஒரு பகுதி பிழையானது. அந்தப் பிழைக்குக் காரணம் நான்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் அந்தத் தோட்டத்துக்குப் பேறு பார்க்கும் மருத்துவமாதாக, எல்லாருக்கும் 'மிஸ்ஸி'யாக, வந்தபோது, பாக்கியம் குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பியிருந்தார். கணவரை இழந்தவர். செல்வியைத் தன் அக்காவிடம் விட்டுவிட்டு நான்கு வருடம் போயிருந்தார். திரும்பி வந்தவர்கள் நகை செய்தார்கள், தொலைக்காட்சிப் பெட்டி வாங்கினார்கள். பாக்கியம் குளியலறை கட்ட வேண்டும் என்றார். நான் காரணம் கேட்டேன்.

"அந்த வீட்டுல ஆறு பாத்ரூம் மிஸ்ஸி. ஆறையும் நாந்தான் கழுவுவேன். ஒண்ணுலகூட நான் குளிக்கக்கூடாது. பின்னாடி வாசல்ல ஒரு குழாய், அதுலதான். உள்ள தாப்பாப் போட்டுக்கிட்டு குளிக்கணும் மிஸ்ஸி, எம் மகளும் நானும். அது போதும்."

அன்று மேல் லயத்து வரிசை வீட்டில், குடும்பத்துக்கு ஓர் அறையாக இருந்த பன்னிரண்டு காம்பராவுக்கும் சேர்த்து உடைந்துபோன இரண்டு கக்கூஸ்தான். பெண்கள் விடியுமுன் தேயிலைக்குள் போனார்கள். போக முடியாத நாளில் சாயங்காலம்வரை அடக்கிக்கொண்டு கொழுந்து பறித்தார்கள். அதனால் வந்த நோய்களை என் பதிவேட்டில் எழுதிக்கொண்டே இருந்தவள் நான். பாக்கியம் சொன்னதைக் கேட்டதும் எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். நானே போய்த் தோட்டத்து மேலாளர் துரையிடம் அனுமதி வாங்கினேன்.

இடத்தைக் காட்டியதும் நான்தான். பாக்கியம் தன் மரக்கறித் தோட்டத்து ஓரத்தைக் கேட்டார். அது தூரம், மழையில் நடக்க வேண்டும் என்று நான் சொன்னேன். லயத்துக்குப் பின்னால் உள்ள சரிவைக் காட்டி, "இங்கன்னா கிட்ட இருக்கு, வாடையும் காத்தோட போயிடும்" என்றேன். அந்தச் சரிவின் கீழே ஓர் ஊற்று இருந்தது. கீழ் லயத்தார் குடிப்பதும் குளிப்பதும் அந்த ஊற்றிலிருந்து தண்ணீர் இறங்கி விழும் பீலியில். அது எனக்குத் தெரியும். அந்தப் பீலியில் நானே எத்தனையோ முறை முகம் கழுவியிருக்கிறேன். கக்கூஸ் குழியிலிருந்து தண்ணீர் எங்கே போகும் என்று கேட்க வேண்டியவள் நான். கேட்கவில்லை.

வெள்ளை டைல்ஸ், கொம்மோட், உள்ளே தாழ்ப்பாள். முதல் நாள் குளித்துவிட்டு வெளியே வந்த பாக்கியத்தின் முகத்தை நான் பார்த்தேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் வரிசையாக வந்து பார்த்தார்கள். தோட்டத்தின் மற்ற டிவிஷன்களிலிருந்தும் ஆட்களை நான் கூட்டி வந்து காட்டினேன்.

அந்த வருட ஐப்பசி மழை நிற்காமல் பெய்தது. கீழ் லயத்தில் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. முதலில் இரண்டு, பிறகு காம்பராவுக்கு ஒன்று. பரமேஸ்வரியின் மகள் தர்ஷினிக்கு நான்கு வயது. உப்பும் சீனியும் கரைத்துக் கொடுத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். பிள்ளை பரமேஸ்வரியின் மடியில், நான் பக்கத்தில். பெரகலைச் சந்திக்கு முன்பே பிள்ளையின் கை குளிர்ந்துவிட்டது. தாய்க்குத் தானாகத் தெரிந்தது. லொறியைத் திருப்பச் சொன்னது பரமேஸ்வரிதான்.

சுகாதாரப் பரிசோதகர் வந்தார், யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாத மனிதர். ஊற்றின் மேலே இருந்த ஒவ்வொரு குழியையும் பார்த்தார். பாக்கியத்தின் கொம்மோட்டில் பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றினார். மறுநாள் காலை கீழ் லயத்துப் பீலியில் பச்சைத் தண்ணீர் விழுந்தது. குடத்தோடு வந்த பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவில் எல்லாரையும் கூட்டி வைத்துப் பரிசோதகர் கேட்டார்: "இந்த இடத்தை ஆர் பாத்துச் சொன்னது?"

நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். என் வேலை, என் பெயர், எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அத்தனை முகங்கள், எல்லாம் ஒரே கணத்தில் மனதில் வந்தன. வாயைத் திறக்க முடியவில்லை.

"நாந்தான் ஐயா. எனக்குத் தோணின எடத்துல கட்டிட்டேன்" என்றார் பாக்கியம். என் பக்கம் அவர் பார்க்கவேயில்லை. கூட்டத்திலிருந்து பரமேஸ்வரி எழுந்து வந்து, அவர் முகத்தில் துப்பிவிட்டுப் போனார். பாக்கியம் அதைத் துடைக்கவில்லை.

மறுநாள் அலவாங்குக் கம்பியை எடுத்து அந்தக் குளியலறையைத் தானே இடித்தார். டைல்ஸ் தெறித்து முழங்காலில் வெட்டிய காயத்துக்கு நான் மருந்து கட்டினேன். அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "கால ஆட்டாதீங்க" என்று மட்டும் சொன்னேன். அதன் பிறகு ஒன்றரை வருடம் தாயும் மகளும் பழையபடி தேயிலைக்குள் போனார்கள். பீலியில் பாக்கியம் வந்தால் மற்றப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள்.

அவர் திரும்பக் கட்டியது எல்லாருக்கும் தெரிந்த கதை. பரிசோதகரைத் தேடி நடந்தே போய், "கீழ ஒரு சொட்டுகூட எறங்காம கட்ட முடியுமா ஐயா?" என்று கேட்டார். அவர் ஒரு படம் வரைந்து கொடுத்தார். இந்த முறை மரக்கறித் தோட்டத்து ஓரத்தில், நிலத்துக்கு மேலே, சீமெந்தால் இரண்டு தொட்டி. ஒன்று நிறைந்தால் மூடிவிட்டு மற்றதைத் திறப்பது. தண்ணீர் ஊற்றுவதில்லை, ஒவ்வொரு முறையும் அடுப்புச் சாம்பலும் காய்ந்த சருகும் போடுவது. கழுவும் தண்ணீரும் குளிக்கும் தண்ணீரும் வேறு வழியாகப் போய், சல்லிக்கல்லும் கரியும் மணலும் போட்டுக் கீழே சீமெந்து பூசிய பாத்தியில் விழும். அதில் கல்வாழையும் சேம்பும் நட்டார். குளிக்க ஒரு வாளி, அதற்கு மேல் இல்லை. கழுவுவதற்கு மருந்துத் தூள் எதையும் உள்ளே விடவில்லை. கல்லையும் மணலையும் வேலை முடிந்து வந்து தானே சுமந்தார். உதவிக்குக் கூப்பிட ஆள் இல்லை.

"சாம்பக் கக்கூஸ்" என்று சிரித்தார்கள். ஒரு வருடம் கழித்து மூடிய தொட்டியைப் பரிசோதகர் முன்னால் திறந்தபோது வேடிக்கை பார்க்கப் பலர் வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். பாக்கியம் மண்வெட்டியால் அள்ளி எல்லாருக்கும் காட்டினார். கருப்பாக, உதிரி உதிரியாக இருந்தது. "மோந்து பாருங்க, மண்ணு வாசந்தான். பயந்தா தள்ளி நில்லுங்க. ஆனா இனிமே என்னால எந்தப் புள்ளைக்கும் ஒண்ணும் வராது" என்றார். அன்று சிரிப்பு நின்றது. ஒருவர் பின் ஒருவராகத் தங்களுக்கும் கட்டித் தரும்படி கேட்டார்கள். சில வருடங்களில் மேல் லயத்தில் பாதிக்கு மேல் அப்படியே கட்டியாயிற்று. கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் பாக்கியம் போனார்.

பரமேஸ்வரியின் வீட்டுக்கும் போனார். கேட்டு வந்தது அவருடைய கணவர் ராமையா. ஒன்பது நாள் வேலை. ஒவ்வொரு நாளும் பரமேஸ்வரி தேநீர்க் கோப்பையைக் கொண்டுவந்து கல்லின்மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். ஒரு வார்த்தை இல்லை. ஒன்பதாம் நாளும் இல்லை. பாக்கியம் என்னிடம் சொன்னார்: "பேசலேன்னாலும் பரவால்ல மிஸ்ஸி. தேத்தண்ணியில சீனி போட்டிருந்தா." அதைச் சொல்லிவிட்டு வெகுநேரம் அழுதார்.

அவர் போவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அப்புத்தளை ஆஸ்பத்திரியில் அவருடைய கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடம் கழித்து அப்போதுதான் சொன்னேன்: "பாக்கியம், அன்னைக்கு நான் வாயத் தெறந்திருக்கணும்."

கண்ணை மூடியபடியே பதில் சொன்னார். "உங்கள அனுப்பிட்டா யாரு மிஸ்ஸி வருவா? அந்த மாசம் அஞ்சு பேரு பேறுக்கு இருந்தாங்க." சற்று இளைப்பாறிவிட்டு, "ஆனா கஷ்டமாத்தான் இருந்திச்சு. பொய் சொல்ல மாட்டேன்" என்றார். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

அடக்கத்துக்குப் பரமேஸ்வரி வரவில்லை. மறுநாள் நானே கீழ் லயத்துக்கு இறங்கிப் போனேன். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இடத்தைக் காட்டியது நான், அவர் வேறு இடம் கேட்டார், நான்தான் வேண்டாம் என்றேன், கூட்டத்தில் பேசாமல் நின்றேன். என் மேலும் துப்புவார் என்று நினைத்தேன். துப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் மெல்லத் தரையில் உட்கார்ந்தார். "ஒம்போது நாளு எம் வாசல்ல கல்லு அடுக்குனா. ஒரு வார்த்த பேசலியே நானு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "போங்க மிஸ்ஸி. எனக்குச் சொன்னத எல்லாருக்கும் சொல்லுங்க" என்றார்.

அதனால்தான் சொல்கிறேன். ஒரு பிள்ளையின் உயிரில் எனக்குப் பங்கு உண்டு. பாக்கியம் உங்கள் நடுவே தலைகுனிந்து நடந்த வருடங்களிலும் எனக்குப் பங்கு உண்டு. அவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை இனி யாரிடமும் கேட்க முடியாது.

பிற்காலத்தில் கட்டட வேலைக்குப் போகும்போதெல்லாம் அவர் என்னையும் கூட்டிப் போவார். கட்டப்போகும் இடத்தை உடனே பார்க்க மாட்டார். மலையில் இறங்கி, அதற்குக் கீழே இருக்கும் கடைசி வீடுவரை போவார். அந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று விசாரிப்பார். அவர்கள் குடிக்கும் தண்ணீரில் ஒரு வாய் வாங்கிக் குடிப்பார். அதற்குப் பிறகுதான் மேலே ஏறி வந்து அளவுக் கயிறு பிடிப்பார். எனக்கு இப்போது முழங்கால் வலி, இறங்கினால் ஏறுவது கஷ்டம். ஆனாலும் யார் வீட்டில் குழி வெட்டக் கூப்பிட்டாலும் முதலில் கீழே இறங்கிப் போகிறேன். பாக்கியத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த நடை.