நாலு விரல்

சிராங்கூன் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் கருவிப்பை, கையில் முழநீளத் தேக்குத்துண்டு. பயிற்சியை விட்டு வந்தாயிற்று. விட்டு வருவது எனக்குப் புதிதல்ல. பதினான்கு வயதில், செகண்டரி டூவோடு பள்ளியை விட்டேன். பிறகு கப்பல் பட்டறை, லாரி, சுவா சூ காங்கில் சமையலறை அலமாரி செய்யும் கடை. எங்கேயும் யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள், பையைத் தூக்கிவிடுவேன். சில நாள் ரொட்டியும் தேநீருமாக ஓடும். அது பெரிய விஷயமில்லை. இந்தத் தடவைதான் கையில் அந்தத் துண்டு இருந்தது.

பழைய கடைவீடுகளைப் பழுதுபார்க்க மரவேலை கற்றுத்தரும் வகுப்பு அது. பக்கத்துச் சந்தில், ஒரு கடைவீட்டு மாடியில் நடந்தது. முடித்தால் அந்தக் குழுவிலேயே வேலை. பாதியில் நின்றால் இடம் வேறொருவருக்கு. நாற்பத்திரண்டு வயதில் அப்படியொரு இடம் மறுபடி கிடைக்காது என்று எனக்குத் தெரியும். பயிற்றுநர் என்னைவிடப் பத்து வயது இளைய பெண், ஆங் மோ கியோ வட்டாரத்துக்காரர். காதோரம் முக்காட்டுக்குள் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருப்பார். நாங்கள் அவரை டீச்சர் என்போம். அவர் எங்களை அண்ணே என்பார்.

அன்று எனக்குத் தந்தது அந்த மாடியின் ஜன்னல் நிலை ஒன்று. அதன் ஒரு கால் மழைநீரில் நாலு விரல் உயரம் மக்கிப்போயிருந்தது. மக்கியதை மட்டும் சாய்வாக அறுத்துவிட்டுப் புதுமரம் ஒட்ட வேண்டும். நான் முழநீளம் அறுத்தேன். அலமாரிக் கடையில் அப்படித்தான்: சந்தேகம் வந்தால் கழற்று, புதிதாகப் போடு. எல்லாருக்கும் முன்பாக முடித்துவிட்டுப் பாராட்டுக்காக நின்றேன்.

டீச்சர் துண்டை எடுத்து, மக்கிய நுனியில் குத்தூசியை வைத்தார். ஊறிய ரொட்டியில் இறங்குவதுபோல இறங்கியது. நாலு விரல் தாண்டி வைத்து அழுத்தினார். இறங்கவில்லை. இன்னும் மேலே வைத்தார். வழுக்கியது.

“இது நல்லாத்தானே இருக்கு அண்ணே. எதுக்கு வெட்டினீங்க?”

“புதுசா போட்டா ஸ்ட்ராங்கா இருக்கும்ல.”

“அண்ணன் இன்னும் கிச்சன் கேபினட்தான் செய்றாரு லா!” என்றார் பக்கத்து மேசைக்காரர்.

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை; அதுதான் அதிகம் சுட்டது. பையை எடுத்தேன். பாதிப் படி இறங்கியபோது டீச்சர் மேலிருந்து துண்டை நீட்டினார்.

“போறதுன்னா போங்க அண்ணே. இதையும் கொண்டுபோங்க. வெட்டினது நீங்க, குப்பையில நீங்களே போடுங்க. நான் போட மாட்டேன்.”

டெக்கா அங்காடியில் பாலில்லாத தே ஓ குடித்தபடி குப்பைத்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போட மனம் வரவில்லை. பேனாக்கத்தியால் துண்டின் மேற்பகுதியில் குத்திப் பார்த்தேன்; கத்தியின் முனைதான் வளைந்தது. என் தாத்தா காலத்துக்கும் முந்திய மரம், அத்தனை மழையையும் நாலு விரலோடு நிறுத்தி வைத்திருந்தது. திருப்பினால் நான் அறுத்த சாய்வு. பிசிறே இல்லை. அறுத்த இடத்தில் அப்படியே திரும்ப உட்காரும். என் கைக்கு வேலை தெரிந்திருந்தது. எங்கே நிறுத்துவது என்பதுதான் தெரியவில்லை.

இப்போது அந்தச் சந்து வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். ஒட்டுப் போட்ட இடத்தை நாங்கள் சாயம் பூசி மறைப்பதில்லை. புதுமரம் புதுமரமாகவே தெரிய வேண்டும். அந்த மாடியில் மற்ற ஜன்னல் கால்களில் ஒரு ஒட்டுக்கோடுதான் இருக்கும். ஒன்றில் மட்டும் இரண்டு. கீழ்க்கோடு மழையால் வந்தது. மேலே இருப்பது என்னுடையது.

பையைத் தூக்கிப் போனதற்கு மறுநாள் காலை எட்டு மணிக்குத் துண்டை டீச்சரின் மேசையில் வைத்தேன். டீச்சர் காதோரப் பென்சிலை உருவி நீட்டினார்.

“நாலு விரல் அளந்து குறிங்க அண்ணே.”

துண்டில் மக்கியதை மட்டும் அறுத்துப் புதுமரம் ஒட்டினேன். பிறகு, அந்தத் துண்டை நான் வெட்டிய இடத்திலேயே நிலையில் திரும்ப ஒட்டும் வேலையை எடுத்துக்கொண்டேன்.