ராகி வயலில் ஒரு வெள்ளைக் கோடு

பத்தாவது வரை படித்தவள் நான். நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே கூசுகிறவள். எழுத்தில் பேசத் துணிந்ததை நீங்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பூவுக்கு வாசனை கிடையாது. தண்டைத் தொட்டால் பூனையின் நாக்கைப் போலச் சொரசொரக்கும். மாலையில் பறிக்கும்போது வெள்ளையாக இருப்பது, விடிவதற்குள் கறுத்துவிடும். எங்கள் பக்கத்தில் அதைச் "சுடுமல்லி" என்பார்கள். அப்பா லேத் வேலைக்காகப் பீன்யா தொழிற்பேட்டைக்கு வந்தபோது, வயல்கள் மிச்சமிருந்த ஓர் ஓரத்தில் எங்களுக்கு வீடு கொடுத்தவர் கௌரம்மா. வயலும் அவருடையதுதான். அவருடைய கன்னடத்தில் அது "பிளி கச", வெள்ளைக் களை. மண்ணுக்கடியில் ராகியின் வேரைப் பிடித்து உறிஞ்சியே வளரும். எல்லா வருஷமும் வராது; வந்தால் ராகி நெருப்புப் பட்டதுபோல் வாடிவிடும்.

பூக்காரி அந்தப் பக்கம் வருவதில்லை. அறுவடை முடிந்த வயலில், அரிதாள்களுக்கிடையே மிஞ்சி நிற்கும் சுடுமல்லியைத் தண்டோடு ஒடித்து அம்மா தலையில் செருகிக்கொண்டு, எங்கள் வாசலிலிருந்து பம்பு செட்டுக்குக் குறுக்கே குடத்தோடு நடப்பாள். கௌரம்மா பார்த்துவிட்டுச் சிரிப்பார்.

"ஏனம்மா, தலைமேல பேயை ஏத்திக்கினு எங்க போற?"

"வூட்ல ஒண்ணு லேத் ஓட்டிட்டு வந்து கொறட்ட வுடுதுக்கா. அதுக்கு இது தேவல."

தண்டின் அடியில் காய்கள் முற்றியிருந்ததையும், தூசி போன்ற விதை அவள் நடையில் வழியெல்லாம் உதிர்ந்ததையும் அவர்கள் இருவருமே யோசிக்கவில்லை.

மாசி மாதத்தில் மஞ்சள் காமாலை வந்து அம்மா போய்விட்டாள்.

ஆடியில் உழுது ராகி விதைத்தார்கள். பயிர் முழங்கால் உயரம் வந்தபோது, வயலில் வேறெங்கும் இல்லாமல், எங்கள் வாசலிலிருந்து பம்பு செட் வரை குறுக்காக ஒரு கோடு வெள்ளையாகப் பூத்தது. உழுதும் அது கலையவில்லை. நடுவில் ஓரிடத்தில் மட்டும் பூக்கள் கூட்டமாக நின்றன. அம்மா குடத்தை இறக்கி இடுப்பு மாற்றிக்கொள்ளும் இடம் அது.

காற்றடித்தால் பூக்கள் ஒன்றன்பின் ஒன்றாக அசையும். யாரோ வீட்டை நோக்கி வருவதுபோல் இருக்கும். நான் கதவைச் சாத்திக்கொள்வேன். அப்பாவோ வேலை விட்டு வந்ததும், கால்கூடக் கழுவாமல், நேரே அங்கே போய் நிற்பார்.

கோட்டின் இருபுறமும் ராகி மஞ்சளித்துக் குட்டையாகிப்போனது. அந்த ராகிதான் கௌரம்மா வீட்டுக்கு வருஷம் முழுவதற்கும் சோறு. ஒரு சாயங்காலம் அவர் வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றார்.

"நோடப்பா, காய் வெடிச்சா வயல் பூரா பரவிடும். அப்புறம் நான் ராகிய மறந்துட வேண்டியதுதான்."

"தெரியுதும்மா. ஆள வுட்டுப் புடுங்கிடுங்க. நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்."

"ஆளு பேடா, வேணாம். உங்க வீட்டு மனுஷி நடந்த வழி. வேற யாரும் கை வெக்கக் கூடாது. நீனே புடுங்கு."

இருட்டும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்த அப்பா, "இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டும் பாப்பா" என்று என்னிடம் அனுமதி கேட்பதுபோல் சொன்னார்.

இப்போது அங்கே வயலும் இல்லை, பம்பு செட்டும் இல்லை. ஒரு கிடங்கும், லாரிகள் திரும்புவதற்கான சிமெண்டுத் தளமும் இருக்கின்றன. ராகியின் வேர் பக்கத்தில் வராதவரை அந்த விதை மண்ணுக்குள் வருஷக்கணக்கில் உறங்கிக் கிடக்குமாம். பஸ்ஸில் அவ்வழியாகப் போக நேர்ந்தால் நான் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. பூவை அதற்குப் பிறகு எங்கும் பார்க்கவில்லை, தேடவும் இல்லை.

ஒரு நாள் இருக்கட்டும் என்று கேட்ட மறுநாள் அப்பா விடியலில் எழுந்து, வாசலிலிருந்து பம்பு செட் வரை குனிந்தபடியே போய் எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கினார். வரப்பில் குவித்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். பிறகு கை கழுவிக்கொண்டு ஷிப்டுக்குப் போனார்.