ஷிப்பிங்கில் இருந்த அண்ணன்

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே ஒரு பொய் சொல்லிவிட்டேன். அண்ணன் என்ன செய்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்த புளியந்தோப்புத் தோழி கேட்டாள். ஷிப்பிங்கில் இருக்கிறார் என்றேன். துறைமுகத்தில் எலி பிடிக்கிறார் என்று சொல்ல வாய் வரவில்லை. கிடங்குகளில் பொறி வைப்பதும், கப்பலைக் கட்டிய கயிறு வழியாக எலி ஏறாமலிருக்க வட்டத் தகடு மாட்டுவதும்தான் அவர் வேலை. அன்றிலிருந்து தோழி ஃபாரின் செண்டு கேட்க ஆரம்பித்தாள். இரண்டு வருடம் சாக்குச் சொல்லியே ஓட்டினேன்.

அப்படிப்பட்ட நான் செமினாருக்கு எடுத்த தலைப்பைப் பாருங்கள்: எலி. தண்டையார்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரில் அந்த ஆராய்ச்சி கண்ணில் பட்டது, விட மனசே இல்லை. ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன் பசிபிக் கடலில் தீவு தீவாகப் போய்க் குடியேறியவர்கள் எதையும் எழுதிவைத்துவிட்டுப் போகவில்லை. மூதாதையர் எலும்பைத் தோண்டுவது அங்கே பலருக்குப் பிடிக்காது. ஆனால் அவர்கள் படகில் எலியும் போயிருக்கிறது. பழைய எலி எலும்பில் டி.என்.ஏ. கொஞ்சம் மிஞ்சியிருக்கும். இரண்டு தீவு எலிகளும் ஒரே தாய்வழி என்றால், நடுவே படகு போயிருக்கிறது! அந்த ஆச்சரியத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டில் ஒத்திகை பார்த்தேன். பொறிக் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்த அண்ணன், "எலி கப்பலேறும்னு கண்டுபுடிக்க இம்மாம் படிப்பா?" என்று சிரித்தார்.

செமினாரில் பாதி நன்றாகத்தான் போனது. அப்புறம் மேடம் கேட்டார்: எலிக்கு நீந்தத் தெரியுமே, அதுவாகவே நீந்தித் தீவுக்குப் போயிருந்தால்? என் தாளில் அதற்குப் பதில் இல்லை. வகுப்பே பார்த்தது. பதில் எனக்குத் தெரியும். ஆனால் அது அண்ணன் வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. வாய் முந்திக்கொண்டது.

"கப்பல் நிக்கிற ஜெட்டியாண்ட கொஞ்ச தூரம் நீந்தும் மேடம், அவ்ளோதான். கடலத் தாண்டணும்னா அதுக்குக் கப்பலு வேணும். அதுக்குதான எங்கண்ணன் தெனம் கயித்துல தகடு மாட்டிகினு கீது."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது, கல்லூரியில் அதுவரை நான் வெளியே விடாத வீட்டுப் பேச்சு. என்ன தகடு என்றார் மேடம். இனி மறைக்க என்ன இருக்கிறது, அண்ணன் எலி பிடிப்பவர் என்று சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. மேடம் சாக்பீஸை நீட்டி, அந்தத் தகட்டைப் போர்டில் வரையச் சொன்னார். அடுத்து வந்த கேள்விகள் எல்லாமே தகட்டைப் பற்றித்தான். இரண்டு வருடமாகத் தொண்டையில் சிக்கியிருந்த மீன் முள் இறங்கியது போலிருந்தது.

வெளியே வந்ததும் தோழி வழியை மறித்தாள்.

"அப்ப செண்டு?"

"வராது."

"ஒரு எலிப்பொறியாவது குடுடி. எங்க வூட்ல பெருச்சாளியால ஒரே பேஜாரு."

அவளும் அதுவரை என்னிடம் 'வீடு' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அண்ணனிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

"ஷிப்பிங்குன்னதுல இன்னா பொய்யி பாப்பா? கப்பலாண்டதான கீறேன்" என்றார். பொறியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, "அந்தத் தீவுக்காரங்க படகாண்ட தகடு மாட்ட ஒரு ஆளு இல்லாம பூட்டான் பாரு" என்றார்.

இருந்திருந்தால் எனக்குச் செமினாரே இருந்திருக்காது.