பதினாலா, பதினைந்தா?

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் சிரித்துவிட்டு எழுந்து போகிற ஆள் நான். பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சுமா? எனக்கு வேலையே பனங்காட்டில்தான். நீங்கள் நம்பாவிட்டாலும் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். கள்ளுக்குத் தடை, பதனீர் இறக்க மட்டும் அனுமதி. அனுமதி வாங்கிய மரங்களுக்குத் தாரால் நம்பர் போடுவது என் வேலை. தார் டின்னோடு முத்திருளன் கூட வருவான். கடலாடிக்குத் தெற்கே ஒரு பனங்காட்டுக்கு அன்றுதான் முதல்முறையாகப் போனோம், வழி தவறிவிட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே மரம், அதே மணல், உச்சி வெயில். கொண்டுபோன தண்ணீரும் தீர்ந்தது. முத்திருளன் கண் செருகி என் தோளில் சாய்ந்துவிட்டான். இவனுக்கு ஏதாவது ஆனால் இவன் பெண்டாட்டி முகத்தில் எப்படி முழிப்பேன்?

அப்போதுதான் ஒரு மரத்தில் தாரால் 1 என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். எங்களுக்கு முன்னால் நம்பர் போட அங்கே யாரும் வந்ததில்லை. தொட்டால் தார் விரலில் ஒட்டியது. கொஞ்ச தூரத்தில் 3, அப்புறம் 6, அதற்கப்புறம் 10. பத்திரிகையில் எண் புதிர் வந்தால் சோற்றை மறந்துவிடுகிற ஆள் நான். நம்பினால் நம்புங்கள், அந்த நிலைமையிலும் பயத்தை முந்திக்கொண்டு ஆவல் ஓடியது. முதலில் இரண்டு கூடுகிறது, பிறகு மூன்று, பிறகு நான்கு. அப்படியானால் இனி ஐந்து கூட வேண்டும்.

பத்தாம் நம்பர் மரத்தைத் தாண்டியதும் மணலில் ஒரு ஒற்றையடிப் பாதை தெரிந்தது, அதுவும் இரண்டாகப் பிரிந்தது. இடது பக்க மரத்தில் 14, வலது பக்க மரத்தில் 15.

"இடது பக்கம் போவோம்ணே, அங்கன இருந்து கூப்புடுறாக," என்று முனகினான் முத்திருளன்.

"ஏலே, ஒருத்தரும் கூப்புடல. கணக்கு இங்கனதான் போகச் சொல்லுது, பேசாம வா."

வலது பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். நூறடி தூரத்தில் ஒரு ஊற்றுக்குழி, அடியில் நல்ல தண்ணீர். அள்ளி அவன் வாயில் விட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆடுகளுக்குத் தண்ணீர் காட்ட வந்த ஒருவர்தான் எங்களை ஊர் சேர்த்தார். இடது பக்கம் வெறும் உவர்மண், மைல் கணக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது என்றார்.

மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். ஊற்று இருந்தது, மரங்களில் ஒரு நம்பரும் இல்லை. வெயில் மயக்கம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

வெகுநாள் கழித்து, முத்திருளன் மகள் கல்யாணத்தில் அந்த நம்பர்களைப் பற்றிப் பேச்சு வந்தது. அவன் சிரித்தான்.

"நீதானண்ணே டின்னோட முன்னால போயி ஒவ்வொரு மரமா எழுதிக்கிட்டே போன."

"நான் உன்னையத் தாங்கிக்கிட்டுல்ல வந்தேன்?"

"ஆமா, தாங்கிக்கிட்டும் வந்த."

"அப்ப பதினாலும் நான்தான் எழுதுனேனா?" என்று கேட்டேன். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அவன் கை நின்றது.

"அத நீ எழுதலண்ணே. அத எழுதுன ஆளுதான் நம்மளக் கூப்புட்டது."

ஆள் எப்படி இருந்தான் என்று அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். முத்திருளன் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்ப்பான், பிறகு பேச்சை மாற்றிவிடுவான்.