இரண்டு பேருக்கு ஒரு வெங்காயம்

மருத்துவமனைச் சமையற்கட்டில் அவளை எல்லாரும் அண்டாக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்ட கடைசி ஆள் அவளுடைய புருஷன். கல்யாணமாகி எட்டு மாதம்கூட ஆகாதபோது, கட்டட வேலையில் சாரம் சரிந்து அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். கட்டின புடவையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள், அடுத்த மாதமே இந்த வேலையில் சேர்ந்தாள். அப்போது வயது இருபத்திரண்டு.

நானூறு பேருக்கு மூன்று வேளை. வெங்காயம் மூட்டையில் வரும், எண்ணெய் வாளியில் வரும், உப்பு கைப்பிடிக் கணக்கு. மரப்பலகை மேல் ஏறி நின்று, துடுப்பு மாதிரி நீளமான கரண்டியால் அண்டாவைக் கிண்டுவாள். ருசி பார்க்கமாட்டாள், உப்பு குறைந்தால் வாசத்திலேயே தெரிந்துவிடும்.

வீட்டில் அடுப்பு அண்ணியுடையது. "நீ கை வச்சா ஊருக்கே ஆக்கிடுவ, தள்ளு" என்று முதல் வாரம் சிரித்துக்கொண்டே சொன்ன அண்ணி, அப்புறம் சிரிக்காமலும் சொன்னாள். அதிலிருந்து அவள் சமையலறை வாசலோடு நின்றுகொண்டாள். தட்டில் வைத்ததைச் சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள். இப்படியே இருபத்துமூன்று வருஷம் ஓடிப்போனது.

சாப்பாட்டு வண்டிகள் மாடிக்குப் போக ஒரே ஒரு லிஃப்ட். அதை ஓட்டியவர் ஐம்பதை எட்டிக்கொண்டிருந்த ஒண்டிக்கட்டை. படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவைப் பதினான்கு வருஷம் பார்த்துக்கொண்டவர். அம்மா கண்மூடிய பிறகு கண்ணாடியில் பார்த்தால் தலை நரைத்திருந்தது. டாக்டர் முதல் துப்புரவு ஆள்வரை எல்லாருக்கும் அவர் 'அண்ணே'. அவளும் அவரும் ஒரு நாளைக்கு ஆறு தடவை வண்டியோடு ஐந்து மாடி ஏறி இறங்குவார்கள். "இன்னைக்கு மூணாவது மாடியில பதினஞ்சு பேரு கூடுதல்." "மழை வரும்போல." பேச்சு என்றால் இவ்வளவுதான்.

ஒரு நாள் மத்தியானம், காலி வண்டியோடு இறங்கும்போது, எக்ஸ்ரே படம் வைக்கிற பெரிய பழுப்பு உறை ஒன்றை அவர் நீட்டினார்.

"உங்களுக்குத்தான்" என்றார். கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது.

சமையற்கட்டுக்கு வந்து பிரித்தாள். சமையல் புத்தகம். காய் நறுக்குகிறவள் எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"கொல்லன் தெருவுலயே ஊசி விக்க வந்துட்டாரே மனுஷன்! உன் சாப்பாடு வாயில வைக்க முடியலைன்னு சொல்லாம சொல்றாரு, அக்கா."

விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. தனக்கென்று இந்த உலகத்தில் இருந்தது அந்தக் கைப்பக்குவம் ஒன்றுதான்; அதையுமா? புத்தகத்தை உறையோடு பெட்டியில் துணிக்கடியில் செருகினாள். நான்கு நாள் லிஃப்டில் அவள் வாயைத் திறக்கவில்லை. அவர் மாடி எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார், அவள் வண்டிச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வார விடுமுறையன்று அண்ணன் குடும்பம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது. அவளைக் கூப்பிடவில்லை; கூப்பிடுகிற வழக்கமும் இல்லை. திருப்பிக் கொடுத்துத் தொலைக்கலாம் என்று உறையை எடுத்தவள், அட்டையை அப்போதுதான் சரியாகப் படித்தாள். 'இரண்டு பேருக்குச் சமையல்' என்று போட்டிருந்தது. முதல் பக்கத்தில் காய்கறி சூப். தேவையானவை: வெங்காயம் ஒன்று.

அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. எத்தனை மூட்டை உரித்திருப்பாள்! ஒரே ஒரு வெங்காயத்தை எடுத்து, இது இன்னாருக்கு என்று நினைத்து உரித்ததே இல்லை. கண்ணில் நீர் முட்டியது. வெங்காயத்தின் மேல் பழி போடவும் வழியில்லை, அது தாளில் அல்லவா இருந்தது.

மறுநாள் காலை லிஃப்ட் கதவு மூடியதும் கேட்டுவிட்டாள்.

"அந்தப் புஸ்தகத்துல ரெண்டு பேருன்னு போட்டிருக்கே. யாரு அந்த ரெண்டு பேரு?"

இரண்டாவது மாடி தாண்டியது. அவர் தொண்டையைச் செருமினார்.

"ஒருத்தன் நான்தாங்க. இங்க எல்லாரும் என்னை அண்ணேன்னு கூப்பிடுறாங்க. நீங்க மட்டும் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்ல. அதை நம்பித்தான் வாங்கினேன். தப்புன்னா மன்னிச்சிடுங்க."

நான்காவது மாடியும் தாண்டியது.

"தப்புன்னு யாரு சொன்னா?" என்றாள் அவள். ஐந்தாவது மாடியில் கதவு திறந்தது. வண்டியை அவள் தள்ளிய வேகத்தில் தட்டுகள் கலகலத்தன.

விஷயம் காதுக்குப் போனதும் அண்ணன் வீட்டையே தலைகீழாக்கினார். "நாப்பத்தஞ்சு வயசுல கல்யாணமா? நாலு பேரு காறித் துப்புவாங்க. போனா அப்படியே போ. என் வாசப்படி மிதிக்காத." அண்ணி நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. அவள் கிளம்பியபோது பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துத் தெருமுனைவரை தூக்கி வந்தாள்.

பதிவு அலுவலகத்தில் கையெழுத்து. குடித்தனத்துக்கு ஓர் அறை, ஆள் திரும்பினால் இடிக்கிற ஒரு சமையலறை. முதல் நாள் வைத்த சூப் எதிர்வீடு, பக்கத்துவீடு, மாடிவீடு எல்லாம் போயும் மிஞ்சியது. உப்பைக் கை அதுபாட்டுக்கு அள்ளிப் போட்டுவிட்டது. அவர் ஒரு வாய் குடித்தார், தண்ணீர் குடித்தார். இன்னொரு வாய், மறுபடி தண்ணீர்.

"எப்படிங்க இருக்கு?"

"தண்ணி நல்லா இருக்கு."

அவள் சிரித்தாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அப்புறம் தினமும் அவர் ஸ்டூலில் உட்கார்ந்து அளவுகளை உரக்கப் படிப்பார், அவள் எடுத்துப் போடுவாள். கைக்குச் சின்ன அளவு பழக ஆறு மாதம் ஆனது.

ஆறு வருஷம் அப்படி வாழ்ந்தார்கள். ஏழாவது வருஷம், சாப்பாடு நெஞ்சில் அடைக்கிறது என்றார் அவர். உணவுக்குழாயில் புற்று, முற்றிவிட்டது என்றார் டாக்டர். அதே மருத்துவமனையில் ஐந்தாவது மாடியில் படுக்கை. விடிவதற்கு முன் வீட்டில் வடிகட்டி எடுத்த சூப்பை அவள் ஒரு கிண்ணத்தில் கொண்டுவருவாள். முதலில் நாலைந்து கரண்டி இறங்கியது, பிறகு ஒரு கரண்டி, பிறகு உதடு நனைய மட்டும்.

"நானூறு பேருக்கு ஆக்குற. எனக்குன்னு தனியா எதுக்கு?" என்று கேட்டார் ஒரு நாள்.

"நானூறு பேரும் நீங்களும் ஒண்ணா?"

சூடு பட்டுத் தழும்பேறிய அவள் மணிக்கட்டைப் பிடித்தபடி தூங்கிப்போனார்.

மூன்றாம் வாரம் ஒரு காலையில், அவள் அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தபோது நர்ஸ் கீழே வந்து நின்றாள். முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அடுப்பைத் தணித்தாள். கரண்டியைக் காய் நறுக்குகிறவள் கையில் கொடுத்து, "அடிப்பிடிக்காம பாத்துக்க" என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு படியேறிப் போனாள்.

மூன்று மாதம் கழித்து அண்ணன் வந்தார். ஏழு வருஷத்தில் முதல் தடவை. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, சுவரையும் ஜன்னலையும் பார்த்தார்.

"வீட்டுக்கு வந்துடும்மா. தனியா எதுக்கு?"

"இதுதாண்ணே என் வீடு."

"பயமா இல்லையா?"

அவள் யோசித்தாள். "பயம் இல்ல. பசிதான் இல்லாம இருந்துச்சு. இந்த வாரந்தான் திரும்பி வந்துச்சு."

அண்ணன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"அண்ணியையும் ஒரு நாள் சாப்பிடக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, அவரைப் படிக்கட்டுவரை கொண்டுபோய் விட்டாள்.